முத்திரைப் பெட்டி

ஒரே ஒரு வரிதான் கேட்டார்கள்.
'கொல்லுங்கள்' என்றுகூட எழுத வேண்டாம்,
'தடையில்லை' போதும்.
முற்றத்தில் நாற்பது ஜோடிச் செருப்பு.
துப்பாக்கிகளையும் அங்கேயே விட்டுவரச் சொல்லியிருந்தேன்.
பாதிப்பேர்தான் விட்டிருந்தார்கள்.

பதினாறு வருடமாக
ஷேக் குமைல் சொல்வார், நான் எழுதுவேன்:
நிக்காஹ், பாகப்பிரிவினை, நோன்பில் வந்த ஐயம்,
இந்த மீனுக்குச் செதில் உண்டா, உண்ணலாமா
என்ற வழக்கு வரை.
எழுதியதன் கீழே முத்திரையை அழுத்துவேன்.
அன்று பெட்டியைத் திறக்கும்போது
என் கை அவர்கள் பக்கம் இருந்தது.
மறைக்க மாட்டேன்.

மைதமைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன்.
ஷேக்கின் தங்கை மகன்.
அடையாள அட்டையில் பெயரைப் படித்துவிட்டு
பேருந்திலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.
முழங்காலில் துளையிட்டிருந்தது.
ஊற்றிய தண்ணீர் அங்கே உள்ளே போனது.

நெடுநேரம் அவர் வாய் திறக்கவில்லை.
பிறகு கேட்டார்:
"ஆற்றோரப் பள்ளிவாசலின் சாவி யாரிடம்?"
ஒருவரும் நிமிரவில்லை.
ஏழு நாளாய் அது எங்கள் பையன்கள் கையில்.
மினாரில் எங்கள் கொடி.
அங்கே பாங்கு சொல்லும் குதைபா
எந்தக் கட்டிலுக்கடியில் கிடந்தாரோ.

"முதலில் சாவி.
என் தங்கையின் பெயரைச் சொல்லி
எவனாவது ஒரு கதவை உதைத்தால்
அவன் ஜனாஸாவுக்கு நான் முன்னிற்க மாட்டேன்."

கிழவருக்கு ரத்தம் சுண்டிவிட்டது என்று
ஒருவன் துப்பினான்.
அதையும் எழுதிக்கொள்ளச் சொல்வாரோ என்று
பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.

முப்பத்தொன்றாம் நகலில் ஜெனரேட்டர் நின்றது.
மீதியைக் கையால் எழுதினேன், அரிக்கன் விளக்கில்.
கூடாது.
கூடாது.
அண்டை வீட்டான் உயிர் கூடாது, பொருள் கூடாது.
எந்தத் தாளில் என்று தெரியாது,
எழுத்து நடுங்குவது நின்றிருந்தது.

ரொட்டிக்கடைச் சுவர், ஐஸ் வண்டி,
சோதனைச் சாவடியின் மணல்மூட்டை.
விடிவதற்குள் பாதியைக் கிழித்துவிட்டார்கள்.

போர் நின்றதா என்று கேட்கிறீர்கள்.
இல்லை.
பாலத்துக்குக் கீழே அந்த வாரமும் பிணங்கள் மிதந்தன.
எங்கள் தெருவில் மட்டும் பதினோரு இரவு
யாரும் யார் கதவையும் தட்டவில்லை.
மூன்று குடும்பங்கள் மெத்தையை உருட்டிக் கட்டி
வண்டியேற அது போதும்.
ஒருத்திக்குப் பிள்ளை பிறக்கவும் போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள் வாசலில் ஒரு சர்க்கரைப் பை.
உள்ளே ஐந்து சாவிகள்,
அழுக்காக மடித்த கொடி.
வைத்தவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை,
பார்த்தவர்களும்.

ஷேக்கின் தங்கை இன்றும் அவரோடு பேசுவதில்லை.
வியாழன்தோறும் ஒரு தட்டுப் பேரீச்சை
அவள் வீட்டுக்குப் போகும்,
அப்படியே திரும்பும்.
நான்தான் கொண்டுபோகிறேன்.
ஒன்றாவது குறைந்திருக்கிறதா என்று
அவர் விரலால் தள்ளித் தள்ளி எண்ணும்போது
மைக்கூட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.