அழுத்து, பிடி, விடு

எங்கள் ஊருக்கு வரும் பார்சலெல்லாம்
நான் கல்லாவில் நிற்கும் மளிகைக் கடைக்கே வரும்.
ஆகவே துவோமோ வாய் திறக்குமுன் எனக்குத் தெரியும்:
ஜெர்மனியிலிருந்து ஸ்பிரிங் நான்கு,
போலந்திலிருந்து பந்தய இருக்கை ஒன்று,
ஒன்றே ஒன்று.
சட்டப்படி அடையாள அட்டை கேட்டேன்.
கட்டிய பெண்டாட்டியிடம் காட்டினான்.
வரிசையில் பின்னால் நின்ற பால்பண்ணை ரைசா
மோர் டப்பாவால் வாயை மறைத்துச் சிரித்தாள்.

மழை பெய்தால் கூரை ஒழுகும் சிவப்பு மாஸ்டா.
இருவர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு பை.
முந்தைய கோடையில் அதில்தான்
நார்வே எல்லைவரை போனோம்,
கூரையை மடக்கி, கொசுவை விழுங்கிக்கொண்டு.

நவம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டியது.
கொட்டகையில் விளக்கேற்றி
வண்டியை உரிக்கத் தொடங்கினான்.
கம்பளம். ரேடியோ. உபரி டயர். கதவின் உள்ளட்டை.
எல்லாவற்றையும் குளியலறை எடை மெஷினில் ஏற்றி
ரொட்டி உறையின் முதுகில் எழுதிவைத்தான்.
கம்பளத்துக்கடியில் என் ஒற்றைத் தோடும்
பிசுபிசுத்த மிட்டாயும் கிடைத்தன.
அவற்றையும் நிறுத்திருப்பான்.
ஒரு நாள் வாசலில் வந்து நின்று
'உன் சீட்டு, பதினைந்து கிலோ நானூறு' என்றான்,
தூண்டிலில் பெரிய மீன் விழுந்தவன்போல.
'ஆளோடா, ஆளில்லாமலா?'
அதற்குள் திரும்பிப் போயிருந்தான்.
கிரைண்டர் சத்தம் சமையலறைவரை வந்தது.

ஜூன் மாதம், காட்டுக்கு நடுவே பந்தயத் தடம்.
காசு கட்டினால் யாரும் ஓட்டலாம்:
ஒரு பல் டாக்டர், மரம் அறுப்பவர் இருவர்,
தன் அப்பாவின் டொயோட்டாவோடு ஒரு மாணவி.
டயர்களோடும் காபிக் குடுவையோடும்
நான் வேனில் பின்னால் போயிருந்தேன்.
முதல் மூன்று சுற்றில் அவன் அழகாகத்தான் போனான்.
பொய் சொல்ல மாட்டேன், தொண்டை அடைத்தது.
நான்காவதில், நீண்ட நேர்கோட்டின் முடிவில்,
எல்லோரும் வேகம் குறைக்கும் இடத்தில்
சிவப்பு மட்டும் குறையவில்லை.
அப்புறம் புழுதி.
சரளைப் பள்ளத்தில் கோழி மண் குளிப்பதுபோல்
இரண்டு முறை சிலிர்த்து நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றி, 'பெடல் தரைக்குப் போச்சு' என்றான்.
அடி ஒன்றுமில்லை. முகம்தான் மாவாய் வெளுத்திருந்தது.
பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டதாம்.
ஐந்து வருஷமாய் மாற்றாத எண்ணெய்.
ஒரு புட்டி பதினெட்டு யூரோ.
யானை வாங்கினான், அங்குசம் வாங்கவில்லை.

இந்த முறை நானே வரவழைத்தேன்.
பார்சல் என் பெயருக்கு வந்தது.
எனக்கு நானே அடையாள அட்டை காட்டிக்கொண்டேன்.

அது தனியாள் வேலையல்ல.
இரவு பதினொன்று, இன்னும் வெளிச்சம்.
அவன் பின்சக்கரத்தடியில் அட்டை விரித்துப் படுத்தான்.
வண்டியில் மிஞ்சியிருந்த ஒரே இருக்கையில்
நான்.

'அழுத்து.'
அழுத்தினேன்.
'பிடி.'
திருகைத் திறந்தான்.
என் கால் சேற்றில் இறங்குவதுபோல் இறங்கியது.
மூடினான்.
'விடு.'

குழாயில் வந்தது கட்டஞ்சாயா நிறத்தில்.
'குமிழி வருதா?'
'வருது.'
'அழுத்து. பிடி. விடு.'
'இப்ப?'
'வந்துட்டேதான் இருக்கு.'
குளிர்காலம் முழுக்க நாங்கள் பேசியதைவிட
அந்த ஒரு சக்கரத்துக்கு அதிகம் பேசினோம்.
நான்காம் சக்கரத்தில் நிறம் மாறித்
தேன்போல் தெளிந்து வந்தது.
காலடியில் பெடல் கல்லாய் நின்றது.

'போதும், இறங்கு' என்றான்.
சாவி எங்கே என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு
பழக்கதோஷத்தில் அந்தப் பக்கக் கதவைத் திறந்தான்.
வெறும் தகரம், நான்கு போல்ட் துளைகள்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு
மெதுவாகச் சாத்தினான்.

ஏரிவரை போய்த் திரும்பினேன்.
வழியில் ஒரு வண்டியும் இல்லை, ஒரு மானும் இல்லை.
இருந்தும் மூன்று முறை பிரேக் போட்டேன்.