ஆயுள் வரி

கணபதியில் எங்கள் பட்டறை.
மூன்று லேத், ஒரு டிரில்லிங், ஒரு ஷட்டர்.
நாங்கள் கடைவது ஒரே ஒரு புஷ்,
சுண்டுவிரலில் மாட்டினால் நழுவி விழும் அளவு.
பீஸுக்கு மூன்று ரூபாய் நாற்பது காசு.
அது எங்கே போகிறதென்று
கம்பெனிக்காரர்கள் சொன்னதில்லை.
ஏதோ ஒரு காரின் அடிவயிற்றுக்கு என்பார்
என் வீட்டுக்காரர் சென்னியப்பன்.

கணக்கு என்னுடையது.
மாதா மாதம் இருபதாம் தேதிக்குள்
ஜிஎஸ்டி கட்டிவிடுவேன்.
பில் பணம் தொண்ணூறு நாள் கழித்து வரும்,
வராமலும் இருக்கும்.
வரிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நாற்பத்தி நாலு வயதில் கார் ஓட்டப் பழகினேன்,
சத்தி ரோட்டில், காலை ஆறு மணிக்கு,
மல்லிப்பூ மூட்டை ஏற்றி வரும் பஸ்களுக்கு
வழிவிட்டு வழிவிட்டு.
லைசென்ஸ் போட்டோவில் சிரித்திருக்கிறேன்.
ரெண்டு வருசமாகப் பர்ஸுக்குள் கிடந்து
சும்மா சிரிக்கிறது.

ஆடித் தள்ளுபடி என்றார்கள். போனோம்.
அவிநாசி ரோடு, கண்ணாடிக் கட்டடம்.
பிரவீன்குமார் என்று சட்டையில் குத்தியிருந்த பையன்
காபி கொடுத்தான், கொட்டேஷன் கொடுத்தான்,
விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான்.
அதில் முக்கால்வாசி வரியும் வரி.

"இது ஷோரூம் விலைங்க.
ஜிஎஸ்டி இதுக்குள்ளயே இருக்குதுங்க.
இது லைஃப் டாக்ஸுங்க.
இது இன்சூரன்ஸுங்க,
அதுக்குத் தனியா ஒரு ஜிஎஸ்டிங்க."

எங்க ஊர் மரியாதை அப்படி.
வாங்குவதற்குக்கூட ஒரு 'ங்க'
போட்டுத்தான் வாங்குவோம்.

லைஃப் டாக்ஸ் என்றால் ஆயுள் வரி.
யாரோட ஆயுளுங்க தம்பி என்றேன்.
"வண்டியோடதுங்க, பதினஞ்சு வருசம்,"
நிஜமாகவே யோசித்துச் சொன்னான்.

கொட்டேஷனைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெள்ளை.
ஆயுள் வரி
ஒரு லட்சத்து எட்டாயிரத்து எண்ணூறு.
மூன்று நாற்பதால் வகுத்தேன்.
முப்பத்தி ரெண்டாயிரம் புஷ், மீதியில்லாமல்.
ஒரு நாளைக்கு எண்ணூறு ஓடும்.
நாற்பது நாள்.
மண்டலத்துக்கு எட்டு நாள் குறைச்சல்,
கரண்ட் போகிற நாளையும் சேர்த்தால்
மண்டலமே ஆகிவிடும்.
அதுவும் கூலி, கரண்ட் பில் எதுவும் கழிக்காமல்.

விலைக்குள் மடித்து வைத்த வரியை
வகுக்கவில்லை.
காபி ஆறிக்கொண்டிருந்தது.

இத்தனையும் எந்த ரோட்டுக்கு என்றும் கேட்கவில்லை.
பட்டறை முன்னால் பைப்புக்குத் தோண்டின குழியை
நாங்களே ரெண்டு வண்டி கிராவல் அடித்து
மூடியிருந்தோம்.

கருமத்தம்பட்டிக் கொழுந்தனார் போனில் வந்தார்:
"பாண்டிச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன் போட்டுருங்க அண்ணி,
அங்க கம்மி."
பாண்டிச்சேரியில் எங்களுக்கு யாரு இருக்காங்க?
பொய்யாக ஒரு விலாசம் பிடிக்க வேண்டுமாம்.
அந்த விலாசத்தில்
கார் மட்டும் குடியிருக்குமாம்.

"சும்மா ஏறி உக்காந்து பாருங்கக்கா" என்றான் பையன்.
அதற்கு வரி இல்லை.
உட்கார்ந்தேன்.
சீட்டை முன்னால் இழுத்ததும் கிளட்ச் எட்டியது.
நடுக்கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன்.
பின்னால் நின்றவரைக் காணோம்.

பக்கக் கண்ணாடியில் ரெண்டு கால்.
செருப்பு ஓரமாகக் கழற்றி வைத்திருந்தது.
வெள்ளை வேட்டியோடு டைல்ஸ் தரையில் மல்லாந்து
செல்போன் டார்ச் அடித்தபடி
காருக்கு அடியில் கிடந்தார் சென்னியப்பன்.
"அண்ணா, அண்ணா, மேனேஜர் வர்றாருங்கண்ணா."

அடியிலிருந்து குரல் வந்தது:
"இங்கொண்ணு இருக்குது,
நம்முளுதாட்டத்தான் இருக்குது.
கிரீஸ் மூடிக்கிட்டு செரியாத் தெரியல."

ஹாரனை ஒருமுறை அமுக்கினேன், சின்னதாக.
எழுந்து வந்தார், முதுகைத் தட்டிக்கொண்டே.

கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது,
இந்த விலை ஏழு நாளைக்கு மட்டும்.
ஏழு நாளைக்கு
ஐயாயிரத்து அறுநூறு புஷ்.