மரத்துப் போச்சா

"இன்னும் எத்தனை பேர் வர்றாங்க மேடம்?"
நான் மட்டும்தான் என்றேன்.
முனீஸ் மூன்று நாற்காலிகளைத் தூக்கி
பக்கத்து மேசைக்குக் கொடுத்தான்.
அங்கே பதினொரு பேர்,
கானாடுகாத்தானிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள்.

செக்காலை ரோட்டில் டயர்க்கடை மாடி.
சிவப்பு விளக்கு இல்லை, டிராகன் இல்லை.
கரும்பலகையில் ஐந்தே பதார்த்தம்,
அதிலும் ஒன்றை அடித்திருந்தார்கள்.

"கோபி மஞ்சூரியன் நாலு பிளேட்."
அடுக்களைச் சன்னலில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.
"மஞ்சூரியா வடக்குக் கோடிங்க. நான் செங்டு.
அந்த ஊருக்கும் எனக்கும் போக்குவரத்தே கிடையாது."
தேவகோட்டைத் தமிழ்.
முனீஸுக்கு அவள் லானாச்சி.
கல்லாவில் புருஷன் வயிரவன்,
பகலில் பேட்டரி ஆராய்ச்சி, இரவில் சில்லறை.

"சரி, இருக்கிறதைக் குடுங்க. காரம் மட்டும் கொறைக்காதீங்க,
நாங்க இந்த ஊர்க்காரங்க."
வயிரவன் தலையைக் குனிந்துகொண்டார்.

கோழி வந்தது.
கோழி என்பது ஒரு நம்பிக்கை. கண்ணுக்குத் தெரிந்தது
வறுத்த மிளகாய், ஒரு முறம் அளவுக்கு.
குச்சியால் கிளறி, தோற்று, விரலால் கிளறி
ஒரு துண்டு கண்டெடுத்தேன்.
நெற்றி வேர்த்தது, மூக்கு ஒழுகியது.
இதெல்லாம் பழைய பாக்கி.

அடுத்தது புதுசு.
மிளகு போல ஒன்று, ஆனால் வாய் பிளந்து, உள்ளே காலி.
எலுமிச்சைத் தோல் வாசம்.
கடித்தேன்.
நுனிநாக்கில் ஒரு வண்டு இறங்கி
சிறகை மடக்க மறந்து நின்றது.
உதடு பக்கத்து வீட்டுக்காரருடையது ஆனது.
வேன்காரர்கள் மேசையில்
பதினொரு பேரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

நான் பல் டாக்டர்.
ஊசியை எடுத்த கையோடு ஈறைக் குத்திப் பார்த்து
"மரத்துப் போச்சா?" என்று கேட்பதுதான் பிழைப்பு.
இன்றைக்கு மட்டும் ஒன்பது பேர்.
கடைசியாக வந்த கல்லல் ரேஷன் கடைக்காரர்
"கன்னத்தைக் காணோம் டாக்டர்" என்றார்.
சிரித்தேன்.

கல்லூரியில் ஒருவருக்கொருவர் குத்தித்தான் பழகினோம்.
எனக்குக் குத்தியவள் ஜெஸிந்தா, கை நடுங்குபவள்.
அந்த மரப்பு, பூட்டிவிட்டு ஊருக்குப் போன வீடு.
தட்டிக்கொண்டே இருக்கலாம்.
இங்கே வீடு திறந்துதான் இருக்கிறது,
உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

லானாச்சி கையைத் துடைத்தபடி வந்து
என் மேசையருகே நின்றாள்.
"மரத்துப் போச்சா?"

எத்தனை ஆயிரம் முறை சொன்ன சொல்.
மரத்தல் என்றால் எனக்குக்
கட்டை, பலகை, உத்திரம்.
வெட்டாத மரத்தை நினைத்ததே இல்லை.
"ஆமா. ஆனா ஆடுது" என்றேன்,
"காத்தடிக்கிற மரம்."

"எங்க பாஷையில அதுக்கு ஒரே எழுத்து. மா."
மா?
"மா."
மாமரமா என்றேன், குழறிய நாக்கோடு.
அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று,
பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பொத்திய கையைப் பார்த்துவிட்டேன்.
எங்கள் தொழிலில் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.
"எந்தப் பக்கம்?"
"கீழ, இடது. ரெண்டு மாசமா."
அடுக்களை ட்யூப்லைட்டின் கீழே, என் போன் டார்ச்சில்,
எண்ணெய் கொதிக்கும் சட்டிக்குப் பக்கத்தில்
அவள் வாயைத் திறந்தாள்.
கடைவாய்ப் பல், ஆழமாகப் போயிருந்தது.
செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.
"ஊசி போடுவீங்களா?"
போடுவேன்.
"ஆடுமா?"
ஆடாது. அது வெறும் கட்டை.
ஏமாந்தது போல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பில்லில் வயிரவன் பத்து ரூபாய் அதிகம் போட்டிருந்தார்.
சுட்டிக்காட்டினேன், திருத்தினார்.

வண்டியை ஐந்து விளக்குப் பக்கம் நிறுத்தி
ஒரு பன்னீர் சோடா.
முதல் மடக்கு இரும்பு, இரண்டாவது உப்பு.
"அண்ணே, உப்புப் போட்டீங்களா?"
அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"என்னம்மா, நாக்கு செத்துப் போச்சா?"
இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்,
வார்த்தை வேறு எதுவோவாக வந்தது.