சிங்கம்புணரி நார்

ராத்திரி பதினொன்றேகாலுக்கு அடைக்கலம் கூப்பிட்டான்.
மணாலிக்கு மேலே ஏதோ ஒரு வளைவு.
முன்னால் வண்டி தெரியவில்லை, பின்னால் ரோடு தெரியவில்லை.
"வைப்பர் ஒடிஞ்சு போச்சு மச்சான்" என்றான்.
போனில் பதினெட்டு சதவீதம்.

காரைக்குடியில் மழை விட்ட புழுக்கம்.
ஐஸ் பிளாண்டில் நைட் டூட்டி எனக்கு.
கம்ப்ரசர் இரைச்சலில்
ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.
பனிமலை பார்த்ததில்லை.
குளிரைத் தெரியும். பதினாறு வருஷமாக
அதுதான் சம்பளம் தருகிறது,
இடது சுண்டுவிரலில் ஒரு கணு பிடித்தம் போக.

இறங்கி நடக்காதே என்றேன்.
தூரத்தில் வெளிச்சம் தெரிந்தாலும் நடக்காதே.
சைலன்ஸர் வாயைத் தட்டால் தோண்டிவிடு,
தோண்டாமல் எஞ்சினைத் தொடாதே.
மணிக்குப் பத்து நிமிஷம் ஓடட்டும்.
கண்ணாடி ஒரு விரல் திறந்திருக்கட்டும்.
இங்கே அமோனியா கசிந்தால் மூக்கு சொல்லிவிடும்,
அந்தப் புகை
யாரிடமும் எதுவும் சொல்லாது.
நனைந்த சாக்ஸைக் கழற்று.
விரலைத் தேய்க்காதே, அக்குளில் வை.
கிளீனர் பையன் குவார்ட்டர் வைத்திருந்தால் எறி,
ஊருக்கு வந்ததும் நானே வாங்கித் தருகிறேன்.
வலிக்கிறதா? வலிக்கட்டும்.
வலி நின்றால்தான் பயம்.

"வயிரவனுக்கு நின்னுருச்சாம்" என்றான்.

கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் பேசியது.

கொட்டகை மூலையில் உமிக்குவியல்.
தொண்டிக்குப் போகும் கட்டியை
அதில் புதைத்துத்தான் ஏற்றுவோம்.
உமிக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது,
வைத்ததை வைத்தபடி வைத்திருக்கும்.

"லோடு என்னடா?"
"நார் மச்சான். சிங்கம்புணரி நார். மெத்தைக்கு."
"பிரி."
"சீல் வச்சிருக்கு. சரக்குக்காரர் தோலை உரிச்சிருவார்."
"தோல் இருந்தால்தானே உரிப்பார். பிரி.
கயிற்றை இடுப்பில் கட்டு, மறுமுனை கதவில்.
எவ்வளவு வருமோ அவ்வளவையும் உள்ளே அள்ளு.
காலடியில், கதவிடுக்கில், மேலே,
பையனைச் சுற்றிச் சுற்றி.
அப்புறம் நீயும் அதற்குள் போய் அவனைக் கட்டிக்கொள்.
தூங்க விடாதே. ஏதாவது கேள்.
யாரிடம் எவ்வளவு கடன் என்று கேள்,
விடிகிற வரைக்கும் சொல்லுவான்.
இனிமேல் கூப்பிடாதே, சார்ஜை வை."

வைத்துவிட்டான்.

வீட்டுக்குச் சொல்லவில்லை.
அவன் அக்கா மாத்திரை போட்டுத் தூங்குகிறவள்.
இரண்டு மணிக்கு உப்புத் தண்ணீரிலிருந்து கேனைத் தூக்கினோம்.
கட்டி வழுக்கி வந்து காலருகே நின்றது.
அதன் மேல் உள்ளங்கையை வைத்து எண்ணினேன்.
நாற்பது வரைக்கும் முடிந்தது.
நாற்பத்தொன்றில் எடுத்துவிட்டேன்.
அவனால் எடுக்க முடியாதே என்று
மறுபடியும் வைத்தேன்.
செல்லையா பார்த்துவிட்டு
"கிறுக்கா ஒனக்கு" என்றான்.

நாலு மணிக்குத் தொண்டி வண்டிகள் வந்தன.
உமி போதவில்லை என்று ஒருவன் சண்டை போட்டான்.
ஐந்தரைக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப்.
ஆறேகாலுக்கும் அதே பெண், அதே இந்தி.

ஏழே முக்காலுக்குத் தெரியாத நம்பர்.

"யோவ், நீதான் அந்த டிரைவரோட மச்சானா?
யாரைக் கேட்டுய்யா சீலை உடைச்சான்?
பதினாலு கட்டு! பதினாலு கட்டு நாரு!
எவன் போனையோ வாங்கிக் கூப்பிட்டு
ரெண்டு பேருமா சேர்ந்து சிரிக்கிறானுக,
விஷயத்தைச் சொல்லுங்கடான்னா சிரிக்கிறானுக!
நீ சொல்லித்தான் பிரிச்சானாம்!"

ஆமாம் ஐயா என்றேன்.
ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
கத்துங்கள் ஐயா என்றேன்,
இன்னும் கொஞ்சம் கத்துங்கள்.