மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்தது

நான் ஜெரேனியம் வாங்கியதில்லை.
அதுவாக வந்தது,
நான்காம் மாடி தோப்ரினுடைய பெட்டியிலிருந்து.
கொடியாய்த் தொங்கும் வகை.
மே மாதம் என் பால்கனிக் கம்பியைத் தொட்டது,
ஜூனில் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டது.

டான்யூபிலிருந்து காற்று அடிக்கும் நாளெல்லாம்
என் வெள்ளை விரிப்புகளில் சிவப்பு இதழ்.
ஈரத்தில் ஒட்டினால் கறை.
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்
அவர் ஊற்றும் தண்ணீர் வேறு,
மண்ணைக் கரைத்துக்கொண்டு சொட்டும்.
ரூசே நிலையத்தில் இரவெல்லாம்
சரக்கு வண்டிகளுக்குத் தடம் ஒதுக்கிவிட்டு வருகிறவள் நான்.
தடம் மாறி வருவதை எனக்குப் பிடிக்காது.

மேலே போய்ச் சொன்னேன்.
"உங்களுக்கும்தானே பூக்கிறது, ஸ்னெஜினா" என்றார்.

ஆகஸ்டில் கத்தரிக்கோல் எடுத்தேன்.
என் எல்லைக்குள் வந்த மூன்று முழம்.
வெட்டிய இடத்தில் ஒரு வாசனை,
எலுமிச்சையில் இரும்பைத் தேய்த்ததுபோல்,
இரண்டு நாள் விரலை விட்டுப் போகவில்லை.
தூக்கிப்போட மனம் வரவில்லை என்று சொல்லமாட்டேன்,
குப்பை வண்டி வியாழன்தான் வரும்.
வியாழன் வந்தும் நுனிகள் வாடவில்லை.

பிறகு கற்றதெல்லாம் தப்புச் செய்துதான்.
ஏழு துண்டில் ஐந்தைத் தண்ணீர்க் குவளையில் வைத்தேன்,
ஐந்துக்கும் கால் கறுத்து அழுகியது.
வெட்டுவாய் ஒரு பகல் உலரவேண்டுமாம்.
தயிர் டப்பா போதும்,
அடியில் ஆணியால் மூன்று ஓட்டை, பாதிக்குப் பாதி மணல்.
முதலில் வரும் பூவைக் கிள்ளிவிட வேண்டும், அது கஷ்டம்.
தண்ணீரை மறக்கத் தெரிந்தவருக்குத்தான் அது வேர்விடுகிறது.
மேல்மாடி மனிதர் எப்படி வளர்த்தாரோ.

பிழைத்தவை இரண்டு.
அக்டோபரில் உள்ளே எடுத்தேன்.
படிக்கட்டு ஜன்னலில் வைத்தால் பார்த்துவிடுவார்.
குளியலறையில் ஒளித்தேன்,
திருட்டுச் சாமான்போல்.

அந்தக் குளிர்காலம் தோப்ரின் வார்னாவில், மகள் வீட்டில்,
இடுப்பு எலும்பு அறுவை முடிந்து.
பெட்டிகள் வெளியிலேயே நின்றன.
ஜனவரியில் மைனஸ் பதினேழு.
மார்ச்சில் கைத்தடியோடு திரும்பியவர்
வேகவைத்த கீரைபோல் கிடந்ததை
ஒன்றும் சொல்லாமல் பையில் அள்ளினார்.
என் பக்கம் ஒரு சருகுகூட விழவில்லை.

ஏப்ரல் முழுக்கச் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனார்.
ஒரு முறை நானும் போனேன், பை சுமக்க.
இலையைத் திருப்பி வெள்ளை ஈ தேடினார்.
கணுவுக்குக் கணு விரல் வைத்து அளந்தார்,
நெடுநெடுவென்று வளர்ந்தது வெயில் காணாதது என்றார்.
பூத்துக் குலுங்கியதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை:
"இது கண்ணாடிக் கூடாரத்திலேயே
கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்திருக்கிறது."
குட்டையாய், மொட்டுவிட்டதாய் ஒன்றை எடுத்து
நகத்தால் மொட்டைப் பிளந்து நிறம் பார்த்தார்.
கொஞ்சம் ஆரஞ்சு.
கடைக்காரி திட்டினாள்.
நாற்பது விதச் சிவப்பு இருந்தது அந்தச் சந்தையில்.
வெறும் பையைத்தான் சுமந்து வந்தேன்.

அன்று மாலை தயிர் டப்பாவை அவர் வாசலில் வைத்தேன்.
மணி அடித்துவிட்டு ஓட நினைத்தேன், ஓடவில்லை.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
மொட்டைப் பார்க்கவில்லை அவர்,
மண்ணை விரலால் விலக்கித் தண்டின் அடியைப் பார்த்தார்.
"சாய்வாக வெட்டியிருக்கிறீர்கள்.
கணுவுக்குச் சற்றுக் கீழே, நேராக வெட்டவேண்டும்."
"அடுத்த முறை" என்றேன்.

இரண்டில் மற்றொன்று இன்னும் என் குளியலறையில்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

இன்று விரிப்பு காயப்போட்டிருக்கிறேன்.
மேலே குவளை நிரம்பும் சத்தம்.
கிளிப்புகளைக் கழற்றி
இரண்டு சாண் இடப்பக்கம் தள்ளிப் போடுகிறேன்.