கையொப்பம் வேறுபடுகிறது

கரண்டு ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்தது.
அரிசி டின் மூடிமேல் படிவத்தை வைத்து
இரண்டாம் தடவை எழுதுகிறேன்.

பெயர் என்ற முதல் கட்டத்திலேயே தகராறு.
ஆதாரில் சேவுகப்பெருமாள்.
காரைக்குடி பெரியாஸ்பத்திரிச் சீட்டில் சேகர்.
மதுரையில் நரம்புக்குக் கரண்டு வைத்துப் பார்த்த தாளில்
செ. பெருமாள், வயது 64.
இவருக்கு நாற்பத்தாறு.
மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று
வி.ஏ.ஓ.விடம் தாள் வாங்க நாலு நடை.

ஊனம் ஏற்பட்ட விதம்.
பள்ளத்தூரில் ஒரு வீடு பிரித்தார்கள்.
பங்காளிகள் பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டு முடித்த மறுநாளே
தூண்களை இறக்க ஆள் கூப்பிட்டார்கள்.
ஒவ்வொரு தூணுக்கும் சுண்ணாம்பில் நம்பர்,
நாலு பக்கமும் போட்டோ,
நீளம், சுற்றளவு, பர்மா தேக்குதான் என்று ஒரு சான்று.
ஒன்பதாம் நம்பர் கயிறு நழுவி
இவர் தோளில் இறங்கியது.
தூணில் விழுந்த கீறலைத் தனியாகப் படம் எடுத்தார்களாம்.
அந்தப் படம் கிடைத்தால்கூடப் போதும்,
தேதி இருக்கும் அதில்.
கடைக்குப் போய்க் கேட்டேன்.
"அது கொச்சிக்குப் போயிருச்சேம்மா" என்றார் கணக்குப் பார்ப்பவர்.
தூணைச் சொன்னாரா படத்தைச் சொன்னாரா
தெரியவில்லை.

முதல் சிகிச்சை பெற்ற நாள்.
மூன்று வாரம் எண்ணெய்க்கட்டுப் போட்டோம்.
எண்ணெய்க்கட்டுக்கு ஏது ரசீது.
காலியாக் கிடக்கிற அந்த மூன்று வாரத்தில்
பேனாவைத் தட்டித் தட்டிக் கேட்டார் டாக்டரம்மா,
எங்கே போயிருந்தீங்க.

சிவகங்கையில் புதன்கிழமை போர்டு.
கல்லல் வழி முதல் பஸ்.
கை பார்க்க லட்சணமாக இருக்கும், அதுதான் சங்கடம்.
ஐந்து விரலும் இருக்கு, நகம்கூட வளருது,
வெட்டிவிடுவது நான்.
தூக்குங்க பார்ப்போம் என்றதும்
இந்த மனுசன் பல்லைக் கடித்து
இடுப்பையே சாய்த்து, தோளை எக்கி
நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.
எட்டு மாதத்தில் நான் பார்க்காத உயரம்.
போட்டியில் ஜெயித்த பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.
முப்பத்தாறு என்று எழுதினாங்க.
நாற்பது வேணும்.
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் பேசவில்லை.
அவர் டீ வாங்கிவந்தார், ஒரே ஒரு டம்ளர்.
இரண்டு எடுத்துவர ஏலாது.

பத்தி பதினொன்று:
அன்றாடம் செய்ய இயலாத செயல்கள்.
இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.
கைலி கட்ட, என்று தொடங்கினேன்.
"அதெல்லாம் எழுதாத" என்றார் சுவர்ப்பக்கம் திரும்பி.
சோறு பிசைய.
சைக்கிள் பூட்ட.
பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சில்லறை எடுக்க.
இடது கையில் கொசு உட்கார்ந்தால்
குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருக்கணும்.
முதல் மாதம் நான் கழுவிவிட்டதை எழுதவில்லை.
கோடும் தீர்ந்துபோச்சு.

கூடுதல் சான்று இருந்தால் இணைக்கலாம்.
நகைக்கடைப் பையைக் கவிழ்த்துத் தேடினேன்.
எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, ஊசிபோட்ட பில்,
அதற்குள் பாங்குத் தாள் ஒன்று.
போன மாசம் பணம் எடுக்கப் போய்
இடது கையால் போட்டார்.
'சே' எழுதி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.
கவுன்ட்டரில் பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்து
சிவப்பு மையில் முத்திரை குத்தித் தள்ளிவிட்டார்கள்:
கையொப்பம் வேறுபடுகிறது.
அன்றைக்கு மளிகைக் கடையில் கடன் சொன்னேன்.
இன்றைக்கு அதைத்தான்
இரண்டு ஜெராக்ஸ் எடுத்து
முதல் தாளாக வைத்துக் குத்தியிருக்கிறேன்.
தேதி இருக்கு. சீல் இருக்கு.
நெஞ்சுவரை தூக்கிக் காட்டி
இதை அவரால் அழிக்க முடியாது.

விண்ணப்பதாரர் கையொப்பம் மட்டும் பாக்கி.
கட்டம் சின்னது.
எழுப்பப் போனால்
வலது கைமேலேயே படுத்துத் தூங்குகிறார்.
உருவி எடுத்து வெளியே வைத்தேன்.
தெரியவில்லை அவருக்கு.
பேனா மூடியைக் கழற்றியபடியே
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.