மெய் என்றால் உடம்பு

மேலப்பாளையம் சந்தையில் செவ்வாய்க்கிழமை
பீர் மைதீன் எண்ணி வைத்தது முப்பது.
கரு இருக்குமா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.
"சேவல் மிதிச்சதுதான் தாயி,
வெளிச்சத்துல புடிச்சுப் பாரு."

அபிஷேகப்பட்டி பஸ்ஸில் உட்கார இடமில்லை.
அட்டையை நெஞ்சோடு அணைத்து நின்றேன்.

ஏழாம் நாள் ஓடு திறந்து
இதயம் ஒரு குழாயில்
ஈரல் ஒரு குழாயில்.
இரண்டிலும் அதே டி.என்.ஏ.
அதே நூறு கோடி எழுத்து, அதே வரிசை.
பிறகு ஏன் ஒன்று துடித்துக்கொண்டு வந்தது
இன்னொன்று பேசாமல் வந்தது?

சைட்டோசின் சிலவற்றின் தலையில் ஒரு மெத்தில்.
ஒரு கரி, மூன்று ஹைட்ரஜன்.
பொட்டு மாதிரி என்பார் ஜெபக்கனி மேடம்,
பொட்டு வைத்தே அறியாதவர்.
எனக்கு அது புள்ளி.

மண
புள்ளி வைத்தால் மண்.
பல
புள்ளி வைத்தால் பல்.
எழுத்து அதேதான்.
கல்யாண வீடு இருந்த இடத்தில்
வெறுந்தரை.

வண்ணார்பேட்டையில் ஒரு பஸ்ஸுக்கு
பல்பு எழுத்துப் பலகையில் மேல்வரிசை அவிந்துவிட்டது.
கலலிடைககுறிசசி என்று வருகிறது.
வெளியூர்க்காரர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக்
கீழேயே நின்றார்.
ஊர்க்காரர்கள் பலகையைப் பார்க்காமல் ஏறினார்கள்.

மரபைப் படியெடுக்க அலையும் புரதங்களும் அப்படித்தான்.
தன் சொல்லைத் தேடி இழை நெடுக வருகிறது ஒன்று.
புள்ளியைக் கண்டதும் கை வைக்காமல் போய்விடுகிறது.
இதயம் ஆகவேண்டிய செல்லில்
அந்தப் புள்ளியை அழிக்க ஆள் வருகிறது
அதன்பின் அங்கே உட்காருகிறது அது.
ஈரலில் அழிக்க யாரும் வரவில்லை.
செல் இரண்டாகும்போதெல்லாம்
பழைய இழையைப் பார்த்துப் பார்த்துப்
புது இழையிலும் புள்ளி வைத்துக்கொண்டே போகிறது
ஒரு நொதி.

பைசல்பைட்டில் ராமுழுக்க ஊறவேண்டும்.
புள்ளி இல்லாத சைட்டோசின் உருமாறிப்போகும்
புள்ளி வைத்தது மட்டும் தன் பேரில் நிற்கும்.
ஆனிக்காற்றில் கம்பிகள் உரசி
ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
லேப் உதவியாளர் முப்பிடாதி அக்கா
வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி
மீதி ஒன்பது முட்டைக்கு நடுவே வைத்தாள்.
குழாய்களை நான் பார்த்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது.
ஈரலில், புள்ளி கனத்த ஓர் இடத்தில்,
யாரும் வரக்கூடாத இடத்தில்
ஒரு புரதம் வந்து உட்கார்ந்திருந்தது.
அழுக்கு என்று நினைத்தேன்.
மூன்று முறை திருப்பிச் செய்தேன்.
மூன்று முறையும் அங்கேயே,
அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு.

அம்பையில் அப்பாவின் உரக்கடைக்கு
பேங்க் சீல் வைத்த வாரம்.
வாடிக்கைக்காரர்கள் தூரத்திலேயே
சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்கள்.
ஒருத்தர் மட்டும் கிட்டே வந்து
அரக்கைத் தடவிப் பார்த்துவிட்டு
ஏலம் எப்போ என்று கேட்டார்.
பூட்டு அவருக்கு அழைப்பு.

இதை ஆய்வேட்டில் எழுத முடியாது.
வேறு மாதிரி எழுதினேன்.

உயிரெழுத்துக்குப் புள்ளி கிடையாது.
புள்ளி வைத்தது மெய்.
மெய் என்றால் உடம்பு.
இதைப் படித்த வயதில்
கீழே கோடு போடச் சொன்னார்கள்
போட்டேன், அவ்வளவுதான்.

ஒன்பதில் மூன்று பொரித்தது.
ஆளில்லாத நாளாகப் பார்த்து
முப்பிடாதி அக்கா பேட்டைக்கு எடுத்துப்போனாள்.
ஒன்று சேவலாம். கூவுகிறதாம்,
நேரங்கெட்ட நேரத்தில்.
அதன் ஈரலில் எந்த எழுத்தில் புள்ளி,
எதில் யார் உட்கார்ந்திருக்கிறார்
என்று எனக்குத் தெரியாது.
தெரிய வேண்டுமானால் திறக்க வேண்டும்.
கூவட்டும்.